நாய்க்கு வீட்டிலேயே தின்பண்டம்: பெங்களூர் சமையலறைகளில் நடக்கும் தவறுகள்

கடை பிஸ்கட்டில் என்ன கலந்திருக்கிறார்களோ என்ற பயத்தில்தான் பலரும் நாய்க்கு வீட்டிலேயே செய்யத் தொடங்குகிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் நம் கை மனிதர்களுக்குச் சமைத்துப் பழகிய கை. ஒரு பல் பூண்டு, சிட்டிகை உப்பு, மேலாக ஒரு ஸ்பூன் நெய் இல்லாமல் எதையும் இறக்க அதற்கு மனசு வராது. நாயின் தின்பண்டம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். எதைச் சேர்க்கலாம் என்று தேடுவதற்கு முன் எதையெல்லாம் விட வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

குழம்புச் சட்டியிலிருந்து எடுத்த கறி

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கோழிக் குழம்பு வைக்கும்போது, காரம் போடுவதற்கு முன் நாலு துண்டை நாய்க்கென்று எடுத்து வைப்பது வழக்கம். மிளகாய்த் தூள்தான் விழவில்லையே என்று தோன்றும். ஆனால் அதற்குள் வெங்காயம் வதங்கியிருக்கும், இஞ்சி பூண்டு விழுதும் கறியில் ஏறியிருக்கும். தண்ணீரில் அலசினாலும் அது போகாது.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் வறுத்தாலும் அந்த நச்சு அப்படியேதான் இருக்கும். நாயின் எடையில் 0.5 சதவீத அளவு வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனாலே ஆபத்து என்பது கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 5 கிலோ பொமரேனியனுக்கு அது 25 கிராம், அதாவது நடுத்தர வெங்காயத்தில் கால் பங்கு. பூண்டு எடைக்கு எடை இதைவிடக் கடுமையானது. சாம்பார் வெங்காயத்துக்கும் விதிவிலக்கு இல்லை.

இதில் ஏமாற்றுவது நேரம்தான். சாப்பிட்ட அன்று நாய் நன்றாகவே இருக்கும். இரண்டு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள்தான் ஈறு வெளுக்கும், சிறுநீர் செம்பழுப்பாகும், படி ஏற முடியாமல் படுத்துக்கொள்ளும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு யாருக்கும் நினைவில் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும்.

வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி ஒளிந்திருக்கும் இடங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்: மசாலா ஓட்ஸ், சூப் பாக்கெட், சிக்கன் ஸ்டாக் கட்டி, சிப்ஸ். ஐயங்கார் பேக்கரி காரா பன்னில் வெங்காயம் கண்ணுக்குத் தெரியவே கிடக்கிறது. ஆனாலும் மாலை நடையின்போது அதில் பாதியைப் பிய்த்து நாய்க்குப் போடுகிறவர்கள் ஏராளம்.

வழி எளிது. நாய்க்கான கறியைத் தனிப் பாத்திரத்தில், வீட்டுச் சமையலுக்கு முன்பே வேகவையுங்கள். தோலும் எலும்பும் இல்லாத நெஞ்சுக்கறி 150 கிராம், மூழ்கும் அளவு வெறும் தண்ணீர், கொதி வந்தபின் 15 நிமிடம். மிகத் தடித்த துண்டை வெட்டிப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருந்தால் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டதா என்று பார்த்துவிடலாம். வெந்த எலும்பு ஊசி ஊசியாய்ப் பிளந்து குடலைக் கிழிக்கும் என்பதால் அதை எந்த வடிவத்திலும் கொடுக்க வேண்டாம்.

புளி, திராட்சை, சைலிட்டால்

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் என்பது பழைய செய்தி. ஏன் என்பது வெகு காலம் புதிராக இருந்தது. 2021-இல் அமெரிக்கக் கால்நடை நச்சியலாளர்கள் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். தமிழ் வீடுகளுக்கு இது முக்கியமாகப் படவேண்டிய செய்தி, ஏனென்றால் அந்த அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. மிஞ்சிய சாம்பார் சாதத்தை உருட்டிக் கொடுப்பது, ரசம் சாதம் பிசைந்து வைப்பது, புளியோதரையில் ஒரு வாய் கொடுப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். கேசரியிலும் பாயசத்திலும் கிடக்கும் திராட்சை, டிசம்பரில் பெங்களூர் பேக்கரிகளில் குவியும் பிளம் கேக், ஊரைச் சுற்றி விளையும் நீலத் திராட்சை ஆகியவையும் இதே பட்டியல்தான். எவ்வளவு வரை தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொன்றைச் சாய்த்துவிடும்.

அடுத்தது சைலிட்டால், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு. சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்புகளிலும் சூயிங் கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெய்களிலும் இருக்கும். உறையில் 967 என்ற எண்ணாகவும் அச்சிட்டிருப்பார்கள். நாயின் உடம்பு இதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டும். அரை மணி நேரத்துக்குள் ரத்தச் சர்க்கரை விழுந்து தள்ளாடும், வலிப்பு வரும். பிறகு கல்லீரலும் பழுதாகலாம். 10 கிலோ நாய்க்கு ரத்தச் சர்க்கரை விழ 1 கிராம் போதும்.

வேர்க்கடலை விழுதை வீட்டில் அரைப்பதே நிம்மதி. உப்பில்லாமல் வறுத்து, தோல் ஊதி, எண்ணெய் விடாமல் மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினால் தானே எண்ணெய் கக்கி இளகும். அரைப்பதற்கு முன் தட்டில் பரப்பிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். அவற்றில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருக்கலாம், நாயின் கல்லீரல் அதைத் தாங்காது. பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய் பரிஷே என்ற கடலைத் திருவிழாவில் வாங்கி வரும் பச்சைக் கடலையை பிளாஸ்டிக் கவரிலேயே கட்டி வைத்தால் சில நாளில் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். வந்த அன்றே காயப் போடுங்கள்.

உடம்புக்கு நல்லதுதானே என்ற கணக்கு

வீட்டில் செய்தது என்பதாலேயே கை தாராளமாகிவிடுகிறது. அதிகம் நடக்கும் தவறு இதுதான், அதிகம் கண்டுகொள்ளாமல் விடுவதும் இதைத்தான். தின்பண்டம் எதுவானாலும் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருத்தடை செய்த, ஓரளவு ஓடியாடும் வளர்ந்த நாய் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 370 கலோரி, 10 கிலோவுக்கு 630, 20 கிலோவுக்கு 1050, 30 கிலோ லாப்ரடாருக்கு 1430. தின்பண்டத்துக்கு இவற்றில் பத்தில் ஒரு பங்கு. அபார்ட்மெண்டில் நாள் முழுக்கப் படுத்திருக்கும் நாய்க்கு இதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது சமையலறையைப் பாருங்கள். ஒரு டீஸ்பூன் நெய் 45 கலோரி, 5 கிலோ நாயின் ஒரு நாள் பங்கு அதோடு தீர்ந்து கடனும் விழுகிறது. ஒரு டீஸ்பூன் வேர்க்கடலை விழுது 30. ஒரு ஏலக்கி வாழைப்பழம் சுமாராக 45. குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்று 20-க்கு மேல். அப்பா காலையில் இரண்டு, பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்து இரண்டு, பாட்டி டீ குடிக்கும்போது ஒன்று என்று போனால் நாய் எடை போடாமல் என்ன செய்யும்? ஒரு சின்ன டப்பாவில் அன்றைய பங்கை எண்ணிப் போட்டு வையுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். அதே அளவு கலோரியைச் சாப்பாட்டுத் தட்டிலும் குறைத்துவிடுங்கள்.

கொழுப்புக்கு இன்னொரு தீமையும் உண்டு. நெய், தேங்காயெண்ணெய், கோழித் தோல் ஒரே நாளில் நிறைய உள்ளே போனால் கணைய அழற்சி வரலாம். விடாத வாந்தி, முதுகை வளைத்து வயிற்றை இறுக்கி நிற்பது அதன் அடையாளம். தீபாவளி பலகாரத்துக்கு அடுத்த நாள் இப்படி நின்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ராகி பிஸ்கட்: எங்கே சொதப்புகிறது

எங்கள் பரிந்துரை இந்த அளவு: ராகி மாவு 150 கிராம், மேலே சொன்னபடி வெந்த கோழிக்கறி (பச்சையாக 150 கிராம்), ஆவியில் வெந்து மசித்த பரங்கிக்காய் 100 கிராம், முட்டை ஒன்று. உப்பு, வெல்லம், எண்ணெய், பேக்கிங் சோடா எதுவும் வேண்டாம். 5 கிராம் உருண்டையாக எடுத்தால் ஏறக்குறைய 80 துண்டு வரும், ஒன்றுக்குச் சுமார் 9 கலோரி. 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஆறு, ஏழு துண்டு வரை.

முதல் சொதப்பல் பரங்கிக்காயில். குக்கரில் தண்ணீர் விட்டு வேகவைத்தால் நீர் கோத்துக்கொண்டு மாவு கூழாகிவிடும், உடனே இன்னும் ராகி கொட்டுவோம், கறியின் பங்கு குறைந்து வெறும் மாவுருண்டையாகிவிடும். ஆவியில் வேகவைத்து, மசித்தபின் வடிகட்டியில் ஐந்து நிமிடம் விடுங்கள். கறியை நாராகக் கிள்ளினால் துண்டு வெட்டும்போது உதிரும், மிக்ஸியில் பூத்தூவலாக ஓட்டிக்கொள்ளுங்கள். ராகிக்குப் பசைத்தன்மை கிடையாது என்பதால் பிசைந்ததும் சப்பாத்தி மாவு மாதிரி இழுபடாது. கையில் பிடித்தால் உருண்டையாக நின்றால் போதும்.

இரண்டாவது சொதப்பல் நேராகச் சூட்டில் வைப்பது. வெளியே கருகி உள்ளே ராகி பச்சையாகவே நிற்கும், வேகாத ராகி நாய்க்குச் செரிக்காது. முதலில் இட்லிக் கொப்பரையில் 15 நிமிடம் ஆவியில் வையுங்கள். பச்சை மாவின் வாடை போய், கறி மணம் மேலே வரும். நிறம் கருஞ்சிவப்பாகி, விரலால் அழுத்தினால் ஒட்டாது. பிறகு 150 டிகிரி ஓவனில் 25 முதல் 30 நிமிடம். ஓவன் இல்லாத வீட்டில் தடித்த தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல், சின்னத் தீயில், திருப்பித் திருப்பி அரை மணி நேரம்.

ராகியில் கால்சியம் ஏராளம் என்பது உண்மை. ஆனால் ஒரு துண்டில் இருப்பது 2 கிராம் ராகி, அதில் கால்சியம் 7 மில்லிகிராம் அளவுதான். இதை மருந்தாக நினைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம்.

துண்டின் அளவும் முக்கியம். பழக்குவதற்கு என்றால் பட்டாணி அளவு போதும். நாய் எண்ணிக்கையைத்தான் கொண்டாடும், பருமனை அல்ல. மெல்லாமல் விழுங்கும் லாப்ரடாருக்குப் பெரிய உருண்டை தொண்டையில் சிக்கும்.

ஈரல், முட்டை ஓடு, வெயிலில் காய்ந்த கறி

ஈரல் மாதிரி நாயை மயக்கும் பண்டம் வேறில்லை. அதனாலேயே அளவு தவறுகிறது. வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும், மாதக்கணக்கில் அதிகம் போனால் எலும்பும் மூட்டும் கெடும். மொத்த உணவில் 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். சிவாஜிநகரிலோ அல்சூரிலோ வாங்கும் கோழி ஈரல் 100 கிராமைப் பத்து நிமிடம் வேகவைத்து, பட்டாணி அளவில் நறுக்கி, உறையவைத்துவிடுங்கள். தினம் ஐந்தாறு துண்டு பழக்கலுக்குப் போதும். டால்மேஷியன் இனத்துக்கு யூரிக் அமிலக் கல் வரும் தன்மை இருப்பதால் ஈரலே வேண்டாம்.

முட்டை ஓட்டை அரைத்து மாவில் கலக்கும் பழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. ஒரு டீஸ்பூன் பொடியில் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் இருக்கிறது. முழுமையான நாய் உணவு சாப்பிடும் குட்டிக்கு இது கூடுதல் சுமை. லாப்ரடார், ஷெப்பர்ட் மாதிரிப் பெரிய இனக் குட்டிகளின் குடல் அதிகப்படியான கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உறிஞ்சிவிடும், கால் எலும்பு கோணலாக வளரும்.

கறியை மொட்டை மாடியில் வெயிலில் காயவைப்பது வடகத்துக்குச் சரி, கோழிக்குச் சரியல்ல. வெதுவெதுப்பில் மெதுவாகக் காயும்போது கிருமி பெருகும். முதலில் 74 டிகிரி வரை வேகவைத்து, பிறகே 70 டிகிரி ஓவனில் உலர்த்த வேண்டும்.

எடுத்து வைப்பதும் புதிதாகக் கொடுப்பதும்

கறி சேர்ந்த பிஸ்கட்டை மேசை மேல் டப்பாவில் வைக்காதீர்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர்க் காற்றில் ஈரம் அதிகம், மூன்றாம் நாளே அடியில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதைச் சுரண்டிவிட்டுக் கொடுப்பதும் தவறு, பூஞ்சையின் வேர் உள்ளே ஓடியிருக்கும். நன்றாக ஆறியபின் மூடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்தத் தண்ணீரே கெடுக்கும். ஃபிரிட்ஜில் நாலு நாள். மீதியை அன்றன்றைய பங்காகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு, மூன்று மாதம் தாங்கும்.

புதுப் பொருள் ஒரு சமயத்தில் ஒன்று மட்டும். கோழி, முட்டை, ராகி, பரங்கிக்காய் நாலையும் முதல்முறையாக ஒரே நாளில் கொடுத்து நாய் சொறிந்துகொண்டால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் விட்டு, மலம் இளகுகிறதா, காது சிவக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், கணைய அழற்சி வந்த நாய்க்கு மேலே சொன்ன அளவுகள் எதுவும் பொருந்தாது, மருத்துவர் சொல்வதே கணக்கு.

தப்பித்தவறி வெங்காயம், திராட்சை, சைலிட்டால் உள்ளே போய்விட்டால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், அந்த உப்பே உயிருக்கு ஆபத்து. எத்தனை மணிக்கு, எவ்வளவு, நாயின் எடை என்ன என்று எழுதிக்கொண்டு, பாக்கெட் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மாலை நெரிசலில் சில்க் போர்டு பக்கமிருந்து அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சைலிட்டாலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உங்கள் பேட்டையில் இரவிலும் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இப்போதே விசாரித்து, அதன் எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்து வையுங்கள்.