கம்பெனி கைவிட்ட உபுண்டு டச்: பழைய பிக்சல் 3ஏ-ல போடுறது எப்படி?

வீட்டு டிராயர்ல ஒரு பழைய போன் சும்மா தூங்குதா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் ஒதுக்கி இத ட்ரை பண்ணிப் பாருங்க. கம்பெனியே "இனிமே இல்ல"ன்னு மூடிட்டுப் போன ஒரு ஓஎஸ் (போன ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர்), ஆனா இன்னிக்கும் அப்டேட் வந்துட்டிருக்கு. பேரு உபுண்டு டச், அதத்தான் இன்னிக்கு போன்ல ஏத்தப் போறோம்.

கதை தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். 2013 ஜனவரில கனானிக்கல் கம்பெனி, கம்ப்யூட்டர்ல ஓடற உபுண்டுங்கற லினக்ஸ் ஓஎஸ்ஸ போனுக்குக் கொண்டு வர்றோம்னு சொன்னாங்க, லினக்ஸ் பசங்களுக்கு ஒரே குஷி. அதே வருஷம் உபுண்டு எட்ஜ்னு ஒரு போன் செய்ய மக்கள்கிட்ட 3 கோடியே 20 லட்சம் டாலர் கேட்டாங்க, சேந்தது சுமார் 1 கோடியே 28 லட்சம், இலக்கத் தொடலங்கறதால எட்ஜ் படத்தோடயே போச்சு. அப்புறம் 2015 பிப்ரவரில ஸ்பெயின் கம்பெனி பிக்யூ, அக்வாரிஸ் இ4.5-னு முதல் உபுண்டு போன வித்தாங்க, அந்த வருஷமே இந்தியாவுலயும் ஸ்னாப்டீல்ல எட்டிப் பாத்துச்சு, எத்தன பேருக்கு ஞாபகம் இருக்கோ தெரியல.

2017 ஏப்ரல் 5-ம் தேதி கனானிக்கல் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த், போன் வேலையும் அதோட ஸ்கிரீன் முகப்பான யூனிட்டி 8 வேலையும் நிறுத்தறோம், டெஸ்க்டாப்புக்கு குனோம்ங்கற முகப்புக்கே போறோம்னு எழுதிட்டாரு. அவ்ளோதான், ஆட்டம் க்ளோஸ்னு எல்லாரும் நெனச்சோம். ஆனா கோடு ஓப்பன் சோர்ஸ்ல இருந்துச்சே, யார் வேணா எடுத்துக்கலாமே. நார்வேக்காரர் மாரியுஸ் கிரிப்ஸ்கார்ட் அதுக்கு முன்னாடியே யூபிபோர்ட்ஸ்னு ஒரு குழு ஆரம்பிச்சு, இந்த ஓஎஸ்ஸ வேற வேற போன்களுக்குக் கொண்டு போயிட்டிருந்தாரு. கம்பெனி கைய விரிச்ச ரெண்டு மாசத்துல, ஜூன்லயே, அவங்க சொந்தமா முதல் ஓடிஏ அப்டேட் (நெட் வழியா நேரா போனுக்கு வர்ற அப்டேட்) விட்டாங்க. இப்ப ஜெர்மனில பதிவு பண்ணின ஃபவுண்டேஷனா இருக்காங்க. யூனிட்டி 8-ங்கற பேரு கேம் செய்யற யூனிட்டியோட குழம்புதுன்னு 2020-ல லொமிரின்னு மாத்திட்டாங்க. விண்டோஸ் போன யோசிச்சுப் பாருங்க, நல்ல ஓஎஸ்தான், என் கண்ணுக்கு அழகாவே இருந்துச்சு, ஆனா கோடு பூட்டுக்குள்ள, 2020 ஜனவரியோட சப்போர்ட் முடிஞ்சுது, அதோட கதையும் முடிஞ்சுது. எடுத்து நடத்த ஆள் இருந்தாலும் எடுக்க வழியில்ல.

சரி, வேலைக்கு வருவோம்.

தொடறதுக்கு முன்னாடி

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் என்னத் திட்டக்கூடாது. தினமும் யூஸ் பண்ற போன்ல இதப் போடாதீங்க. யூபிஐ ஆப் ஓடும்னு நம்பாதீங்க, பேங்க் ஆப்பும் அப்படித்தான். வாட்ஸ்அப்புக்கு தனி ஆப் கெடையாது.

அதவிட முக்கியமானது கால். இதுல வோல்ட்இ (4ஜி வழியா கால் பேசற வசதி) எல்லா போன்லயும் வேல செய்யாது. ஜியோல 2ஜி, 3ஜி கெடையாது, கால் போறதே வோல்ட்இ வழியாத்தான், அதனால வோல்ட்இ இல்லாத போன்ல ஜியோ சிம் போட்டா நெட் வரும் கால் வராது. ஏர்டெல், வி சிம்ல 2ஜி இருக்கறதால பேசும்போது நெட்வொர்க் 2ஜிக்கு இறங்கி கால் போகும், பேசி முடிக்கற வரைக்கும் நெட் நிக்கும். சிங்கப்பூர் மாதிரி 2ஜி, 3ஜி ரெண்டையும் மூடின ஊர்ல இருக்கற நம்மாளுங்களுக்கும் ஜியோ கதைதான். ஆக, ரெண்டாவது போனா, வைஃபைல நோண்டிப் பாக்கற போனா வெச்சுக்கோங்க, சந்தோஷமா இருக்கும்.

போன் லிஸ்ட்ல இருக்கா?

கூகுள்ல "உபுண்டு டச் டிவைசஸ்"னு இங்கிலீஷ்ல தேடினா அவங்களோட சாதனப் பட்டியல் வரும். உங்க போன் மாடல க்ளிக் பண்ணினா கேமரா, ஜிபிஎஸ், ப்ளூடூத், வோல்ட்இ, ஃபிங்கர்பிரிண்ட்னு எது ஓடுது எது ஓடலன்னு ஒவ்வொண்ணா போட்டிருப்பாங்க. அத முழுசா படிங்க. லிஸ்ட்ல இல்லாத போன்ல "கிட்டத்தட்ட அதே மாடல்தானே"ன்னு போட்டா போன் ஆன்கூட ஆகாத செங்கல் ஆயிடும்.

ஒன்ப்ளஸ், ஃபேர்போன், வோலா, சியோமி, பிக்சல்னு நெறைய இருக்கு. சியோமில பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது ஓஎஸ்ஸ ஏத்தற முதல் புரோகிராம், பூட்டியே வரும்) திறக்கறதுக்கு கம்பெனிகிட்ட தனியா அனுமதி கேட்டு நாள் கணக்குல காத்திருக்கணும், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அது தலவலி. நான் கூகுளோட பிக்சல் 3ஏ-வ வெச்சுச் சொல்றேன், செகண்ட்ஹேண்ட்ல கெடைக்கும், பூட்லோடர் சுலபமாத் திறக்கும். வாங்கும்போது ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, அமெரிக்கால வெரிசான் வித்த 3ஏ-வா இருந்தா பூட்லோடர் திறக்காது.

பேக்கப், டெவலப்பர் ஆப்ஷன்

போன்ல இருக்கற எல்லாமே அழிஞ்சுரும். போட்டோ, கான்டாக்ட் எல்லாம் எடுத்து வெச்சுட்டு, கூகுள் அக்கவுண்டையும் ஸ்கிரீன் லாக்கையும் எடுத்துடுங்க.

செட்டிங்ஸ், அபவுட் போன், கீழ போய் பில்டு நம்பர்ங்கறத ஏழு தடவ தட்டுங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்னு புதுசா ஒண்ணு திறக்கும், அதுல ஓஇஎம் அன்லாக்கிங், யுஎஸ்பி டீபக்கிங் ரெண்டையும் ஆன் பண்ணுங்க. ஓஇஎம் அன்லாக்கிங் மங்கலா, தட்ட முடியாம இருந்தா போன வைஃபைல கனெக்ட் பண்ணிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு பாருங்க.

பூட்லோடர் திறக்கறது

கம்ப்யூட்டர்ல கூகுளோட பிளாட்ஃபார்ம் டூல்ஸ்ங்கற ஜிப் ஃபைல இறக்கி பிரிச்சுக்கோங்க. விண்டோஸா இருந்தா கூகுள் யுஎஸ்பி டிரைவரும் வேணும், இல்லன்னா கம்ப்யூட்டருக்கு போன் கண்ணுக்கே தெரியாது. போன ஆஃப் பண்ணிட்டு வால்யூம் டவுனையும் பவரையும் சேத்து அழுத்திப் பிடிச்சா ஃபாஸ்ட்பூட் ஸ்கிரீன் (கம்ப்யூட்டர்லேந்து போனுக்கு சாஃப்ட்வேர் ஏத்தற மோடு) வரும், இப்ப கேபிள சொருகுங்க.

கேபிள் பத்தி என் சோகக் கதை ஒண்ணு. நான் முதல் தடவ பண்ணும்போது ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் போன பாக்கவே இல்ல, டிரைவர ரெண்டு தடவ அழிச்சுப் போட்டேன், லேப்டாப்ப மாத்தினேன், நெட்ல என்னென்னவோ படிச்சேன், கடைசில பாத்தா அது எதோ பவர் பேங்க்கோட வந்த கேபிள், சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போற கம்பியே உள்ள இல்ல. போனோட வந்த கேபிளையே யூஸ் பண்ணுங்க. அப்பவும் வம்பு பண்ணினா வேற யுஎஸ்பி போர்ட்ல மாத்திப் பாருங்க, பழைய 2.0 போர்ட் இருந்தா இன்னும் நல்லது.

பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஃபோல்டருக்குள்ள டெர்மினல் (கமாண்ட் டைப் பண்ற விண்டோ) திறந்து, இங்கிலீஷ்ல மூணு வார்த்தை, சின்ன எழுத்துல, நடுவுல ஒவ்வொரு ஸ்பேஸ்: ஃபாஸ்ட்பூட், ஃப்ளாஷிங், அன்லாக் (fastboot flashing unlock). என்டர். போன்ல "நிஜமாவா?"ன்னு கேக்கும், வால்யூம் பட்டன்ல நகத்தி அன்லாக்க தேர்ந்தெடுத்து பவர அழுத்துங்க. இனிமே ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் பூட்லோடர் திறந்திருக்குன்னு பயமுறுத்தற மாதிரி ஒரு ஸ்கிரீன் வரும், கண்டுக்காதீங்க.

ஆண்ட்ராய்டு 9-க்கு இறங்கணும், ஏன்?

இந்த இடத்துலதான் நெறைய பேர் "உபுண்டு போடப் போறேன், எனக்கு எதுக்குய்யா பழைய ஆண்ட்ராய்டு"ன்னு தாண்டிப் போயிட்டு அப்புறம் கேமரா வரல, சென்சார் ஓடலன்னு புலம்புவாங்க.

விஷயம் என்னன்னா, கேமரா, மோடம், கிராஃபிக்ஸ் சிப்புக்கெல்லாம் டிரைவர் சிப் கம்பெனிக்காரங்க ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான் எழுதியிருப்பாங்க, சோர்ஸ் கோடும் வெளிய வராது. லினக்ஸ் ஆளுங்க ஒவ்வொரு போனுக்கும் அத முதல்லேந்து எழுதணும்னா ஆயுசு பத்தாது. அதனால ஹேலியம்னு ஒரு ஏற்பாடு. வெளிய நாம பாக்கறது முழுக்க உபுண்டு, ஆனா உள்ள ஒரு மூலைல கன்டெய்னர்ங்கற தனி அறைல ஒரு சின்ன ஆண்ட்ராய்டு உக்காந்து அந்த டிரைவருங்கள மட்டும் ஓட்டிட்டு இருக்கும். ஆண்ட்ராய்டோட சி லைப்ரரி (புரோகிராமுங்க எல்லாம் பொதுவா யூஸ் பண்ற அடிப்படை கோடு) வேற, உபுண்டுவோடது வேற, ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குப் புரியாது, லிப்ஹைப்ரிஸ்னு ஒரு மொழிபெயர்ப்பாளர் நடுவுல நின்னு பேச வெக்கும். சுதந்திர போன்னு வாங்கிட்டு உள்ள பாத்தா ஆண்ட்ராய்டு வாடகைக்கு இருக்கு, சிரிப்பாத்தான் வருது, ஆனா ஒரு சின்ன குழு இத்தன மாடலுக்கு இத ஓட்டறதே இந்த உபாயத்தாலதான்.

அந்த டிரைவருங்க இருக்கறது போன் ஸ்டோரேஜ்ல வெண்டர் பார்ட்டிஷன்ங்கற தனிப் பகுதில. 3ஏ-வுக்கான உபுண்டு டச் ஆண்ட்ராய்டு 9 டிரைவர வெச்சு கட்டினது, உங்க போன்ல 12 இருந்தா ரெண்டும் ஒட்டாது. அதனாலதான் இறங்கச் சொல்றாங்க.

கூகுள் டெவலப்பர் சைட்ல 3ஏ-வோட பழைய ஃபேக்டரி இமேஜ் (கம்பெனி தர்ற ஒரிஜினல் ஆண்ட்ராய்டு ஃபைல்) இருக்கு. உபுண்டு டச் சாதனப் பக்கத்துல எந்த பில்டுன்னு நம்பரோட சொல்லியிருப்பாங்க, அதே நம்பர எடுங்க, பக்கத்து நம்பர் வேணாம். 3ஏ-வோட குறிப்பெயர் சார்கோ, 3ஏ எக்ஸ்எல் பொனிட்டோ, ரெண்டும் மீன் பேரு, மாத்தி எடுத்துடாதீங்க. ஜிப்ப பிரிச்சா ஃப்ளாஷ்-ஆல்னு ஒரு ஃபைல் இருக்கும், அதுல இருக்கறத எல்லாம் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஃபோல்டர்ல போட்டு, போன் ஃபாஸ்ட்பூட்ல இருக்கும்போது அத ஓட்டுங்க. நடுவுல போன் தானா ரீஸ்டார்ட் ஆகும், கேபிளத் தொடாதீங்க.

ஆண்ட்ராய்டு 9 வந்ததும் அக்கவுண்ட் எதுவும் போடாம எல்லாத்துக்கும் ஸ்கிப் குடுத்து உள்ள போயி, மறுபடியும் அந்த ஏழு தட்டு, யுஎஸ்பி டீபக்கிங் ஆன்.

இப்பத்தான் உபுண்டு

யூபிபோர்ட்ஸ் இன்ஸ்டாலர இறக்குங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் இருக்கு. திறந்து போன சொருகினா மாடல் என்னன்னு அதுவே கண்டுபிடிக்கும், போன்ல "இந்த கம்ப்யூட்டர நம்பலாமா"ன்னு கேட்டா அலவ் குடுங்க. கண்டுபிடிக்கலன்னா நாமளே லிஸ்ட்ல பிக்சல் 3ஏ-வ எடுத்துக்கலாம்.

அடுத்து சேனல் கேக்கும். ஸ்டேபிள எடுங்க. டெவலப்மென்ட் சேனல் தினம் மாறிட்டே இருக்கும், இன்னிக்கு ஓடினது நாளைக்கு ஓடாது, அது நமக்கு இப்ப வேணாம். முதல் தடவைங்கறதால வைப் யூசர்டேட்டாங்கற (பழைய டேட்டாவ அழிக்கற) டிக்க போட்டுக்கோங்க.

அப்புறம் இன்ஸ்டாலர் சொல்றதச் செய்ய வேண்டியதுதான், எந்த பட்டன எப்ப அழுத்தணும்னு படம் போட்டே காட்டும். டவுன்லோடு ஆகும், போன் ரெக்கவரிக்குப் போகும், உள்ள ஏறும், ரீஸ்டார்ட் ஆகும். முதல் பூட் கொஞ்சம் நேரம் எடுக்கும், பதறிப் போயி பவர் பட்டன அழுத்தாதீங்க, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

உள்ள போனதும்

மொழி, வைஃபை, பாஸ்கோடு எல்லாம் கேட்டு முடிச்சதும் வெறும் ஸ்கிரீன்தான் இருக்கும், ஹோம் பட்டன் எங்கன்னு தேடுவீங்க. கெடையாது. இடது ஓரத்துலேந்து விரல இழுத்தா லாஞ்சர் வரும், வலது ஓரத்துலேந்து இழுத்தா திறந்திருக்கற ஆப் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையா வரும், மேலேந்து இழுத்தா வைஃபை, ப்ளூடூத், சவுண்டு. ரெண்டு நாள்ல கை பழகிடும், பழகினப்புறம் ஆண்ட்ராய்டு போன்லயும் இடது ஓரத்த இழுத்துட்டு இருப்பீங்க, எனக்கு ஆச்சு.

ஆப்புக்கு ஓபன்ஸ்டோர். பிளே ஸ்டோர் மாதிரி கடல் இல்ல, குளம். டெலிகிராமுக்கு டெலிபோர்ட்ஸ் இருக்கு, பிரவுசருக்கு மார்ஃப் கூடவே வரும். ஆண்ட்ராய்டு ஆப் கட்டாயம் வேணும்னா வேட்ராய்டு ஹெல்பர்னு ஓபன்ஸ்டோர்ல ஒண்ணு இருக்கு, அது வழி காட்டும், ஆனா பேட்டரியக் குடிக்கும்.

எனக்குப் பிடிச்சது டெர்மினல் ஆப். திறந்தா நிஜமான லினக்ஸ், நீங்க போட்ட பாஸ்கோடே சூடோ பாஸ்வேர்டு (அட்மின் வேலைக்குக் கேக்கறது). சிஸ்டம் பகுதி படிக்க மட்டும்தான்னு பூட்டி வெச்சிருப்பாங்க, அத ஆரம்பத்துலயே திறந்து நோண்டாதீங்க, நீங்க மாத்தினத அடுத்த ஓடிஏ வந்து அழிச்சுட்டுப் போயிடும். ப்ளூடூத் கீபோர்டும் மவுசும் சேத்துப் பாருங்க, ஆப் எல்லாம் டெஸ்க்டாப் மாதிரி தனித்தனி விண்டோவா நிக்கும். ஷட்டில்வொர்த் 2013-ல எட்ஜ் போனுக்காக ஆசப்பட்டது இதுதான்.

பிடிக்கலன்னா திரும்பி வர

அதே ஃபேக்டரி இமேஜ் வழிதான். ஆண்ட்ராய்டு 12 இமேஜ எடுத்து ஃபாஸ்ட்பூட்ல வெச்சு ஃப்ளாஷ்-ஆல் ஓட்டினா பழையபடி ஆயிடும். பூட்லோடர மறுபடி பூட்டணும்னா ஆண்ட்ராய்டு முழுசா ஏறி ஒரு தடவ நல்லபடியா பூட் ஆனதுக்கு அப்புறம் மட்டும் பூட்டுங்க. உள்ள உபுண்டு இருக்கும்போதே பூட்டினா போன் எழுந்திரிக்காது.