பூனை வளர்க்கும் வீட்டில் எசன்ஷியல் ஆயில்: எதை அகற்றுவது, ஆபத்து வந்தால் என்ன செய்வது

செடியிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம் பூனை விஷயத்தில் மிகவும் ஆபத்தானது. செடியிலிருந்து எடுக்கும் வாசனை எண்ணெயான எசன்ஷியல் ஆயில் பலவற்றில் ஃபீனால் வகை வேதிப்பொருள்கள் செறிவாக இருக்கின்றன. நம் கல்லீரலில் குளுக்குரோனைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி அவற்றை உடலை விட்டு வெளியேறும்படி மாற்றிவிடும். பூனைக்கு அந்த நொதி மிகக் குறைவு. அதனால் விஷம் உள்ளேயே தங்கி, கல்லீரலைத் தாக்கும்.

படி 1: பாட்டில்களைப் பாருங்கள்
டீ ட்ரீ, கிராம்பு, இலவங்கப்பட்டை, யூகலிப்டஸ், பெப்பர்மின்ட், விண்டர்கிரீன், பென்னிராயல், பைன், சிட்ரஸ், இலாங் இலாங் ஆகிய எண்ணெய்களைப் பூனையிடம் நெருங்கவே விடாதீர்கள். இவற்றில் டீ ட்ரீதான் எனக்கு அதிகப் பயம் தருவது. வேறெதுவும் கலந்து நீர்க்கச் செய்யாத எண்ணெய் சில சொட்டு தோலில் பட்டாலே பூனை நடக்க முடியாமல் தள்ளாடலாம். 'இயற்கையானது' என்று விற்கும் உண்ணி மருந்து, ஸ்ப்ரே, ஷாம்பூ லேபிள்களையும் படியுங்கள். இதே எண்ணெய்கள் அங்கேயும் இருக்கும்.

படி 2: டிஃப்யூசரை நிறுத்துங்கள்
டிஃப்யூசர் என்பது அறையில் எண்ணெயின் வாசனையைப் பரப்பும் கருவி. அல்ட்ராசோனிக், நெபுலைசர் வகை டிஃப்யூசர்கள் எண்ணெயை நுண்துளிகளாகக் காற்றில் தெளிக்கின்றன. அந்தத் துளிகள் பூனையின் ரோமத்தில் படியும். பூனையோ நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. ஆக, மூச்சு, தோல், வாய் என மூன்று வழியிலும் எண்ணெய் உள்ளே போகிறது. குச்சி வைத்த டிஃப்யூசர் காற்றில் குறைவாகவே கலக்கும், ஆனால் பூனை தட்டிவிட்டால் அத்தனையும் அதன் கால்மேல்தான். பூனை இருக்கும் வீட்டுக்கு எந்த டிஃப்யூசரும் வேண்டாம் என்பதே என் கருத்து. ஆஸ்துமா உள்ள பூனையென்றால் யோசிக்கவே தேவையில்லை.

படி 3: அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்
எச்சில் ஒழுகுதல், வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், சோர்வு, உடல் குளிர்ந்துபோதல். உடம்பிலிருந்து அந்த எண்ணெயின் வாசனையும் வரலாம். வயிற்றைத் தரையோடு தாழ்த்தி, கழுத்தை நீட்டி இருமினால் அதை முடி உருண்டை என்று விட்டுவிடாதீர்கள். மூச்சுத் திணறலாக இருக்கலாம். சில அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியும்.

படி 4: பட்டுவிட்டால்
முதலில் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். நுகர்ந்ததுதான் காரணம் என்றால் உடனே நல்ல காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். ரோமத்தில் பட்டிருந்து, பூனை தெளிவாக இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்துக் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் எண்ணெய் போகாது. கண்ணிலும் வாயிலும் நுரை படாமல் பார்த்துக்கொண்டு, துவட்டி, துண்டில் சுற்றி வையுங்கள். நக்குவதும் நிற்கும், சூடும் போகாது. வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் கழுவிக்கொண்டிருக்காமல் நேராகக் கிளம்புங்கள்.

வாந்தி எடுக்க வைக்க மட்டும் முயலாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். விஷத்தை உறிஞ்சுவதற்கான கரி மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

அப்புறம், பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். என்ன எண்ணெய், எவ்வளவு, எப்போது பட்டது என்று தெரிந்தால்தான் சிகிச்சையைச் சட்டென்று தொடங்க முடியும். கல்லீரலைப் பார்க்க ரத்தப் பரிசோதனையைச் சில நாள் கழித்து மறுபடியும் செய்யச் சொன்னால், பூனை நன்றாகத்தான் இருக்கிறது என்று தவிர்த்துவிடாமல் அழைத்துப் போங்கள்.