பழைய டியூப் ஆம்ப் டோனை டிஜிட்டல் மாடலர்ல கொண்டு வர்றது எப்படி

மாடலரை (பழைய ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலா நகல் பண்ற கருவிய) ஆன் பண்ணி ஃபேக்டரி ப்ரீசெட்டை ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துட்டு, பேரு மட்டும் ப்ளெக்ஸி (பழைய மார்ஷல் ஆம்ப்), ட்வீட் (பழைய ஃபெண்டர் ஆம்ப்)னு இருக்கு, சத்தம் என்னமோ தகர டப்பாவத் தட்டுன மாதிரி வருதுன்னு ஒதுக்கி வச்சவங்க நிறைய பேரு. குறை பெரும்பாலும் மாடல்ல இல்லங்க. அந்தக் காலத்து ஆம்ப்ல நாப் கம்மி, ஆனா அதை முழுசா திறந்து விட்டு வாசிச்சாங்க, பவர் டியூப், ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் மூணும் சேந்து திணறின சத்தம்தான் நம்ம காதுல நிக்கிற டோன். அந்த நிலைமைய மாடலருக்குள்ள உண்டாக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. நான் எப்பவும் பின்னாலருந்து முன்னால வருவேன், முதல்ல ஸ்பீக்கர், கடைசியில கிட்டார்.

ஸ்பீக்கர்னா மாடலர்ல கேபினட் ப்ளாக், இல்லன்னா ஐஆர், அதாவது நிஜ கேபினட்டோட சத்தத்தைப் பதிஞ்சு வச்ச ஃபைல். (நிஜ கிட்டார் கேபினட் வழியா வாசிக்கிறீங்கன்னா இதை ஆஃப் பண்ணிடுங்க, ரெண்டு ஸ்பீக்கர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா கம்பளி போத்தின மாதிரி கேக்கும்.) ட்வீட் டீலக்ஸ்க்கு பின்பக்கம் திறந்த பெட்டியில ஒரே ஒரு 12 இஞ்ச் ஜென்சன், வாக்ஸ் ஏசி30க்கு ரெண்டு 12 இஞ்ச் செலஸ்டியன் ப்ளூ, ப்ளெக்ஸிக்கு மூடின பெட்டியில நாலு 12 இஞ்ச் க்ரீன்பேக், இந்த ஜோடிய மாத்தாதீங்க. இது எவ்வளவு முக்கியம்னு தெரியணும்னா ஒண்ணு பண்ணிப் பாருங்க. ஃபெண்டர் பேஸ்மேன் மாடலை அதோட 4x10 கேபினட்டோட வச்சு ஒரு ஏ கார்டு அடிங்க, அப்புறம் ஆம்ப்ல ஒரு நாப்பையும் தொடாம கேபினட்டை மட்டும் க்ரீன்பேக் 4x12க்கு மாத்தி அதே கார்டை அடிங்க. மினுமினுப்பு அடங்கி, மிட்ரேஞ்ச் முன்னால வந்து, பாதி மார்ஷல் ஆயிடும். ஆச்சரியமே இல்ல, 1962ல மார்ஷல் கடையில செஞ்ச முதல் ஜேடிஎம்45 கிட்டத்தட்ட அந்த பேஸ்மேன் சர்க்யூட்டேதான்.

அடுத்து மைக். டிரெபிள் குத்துதுன்னா உடனே ஈக்யூவுக்கு ஓடாதீங்க, மைக்கை ஸ்பீக்கரோட நடுவுலருந்து ஓரத்துப் பக்கம் கொஞ்சம் நகத்துங்க. எஸ்எம்57 மாடலை கிரில்லுலருந்து ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் தள்ளி வச்சு, டஸ்ட் கேப் (ஸ்பீக்கர் நடுவுல இருக்கிற மூடி) முடியற விளிம்புல ஆரம்பிக்கலாம். இன்னும் குளுமை வேணும்னா கூட ஒரு ரிப்பன் மைக்கை கலந்துக்கங்க, கலந்ததும் சத்தம் ஒல்லியாயிட்டா ஃபேஸ் ஒத்துப்போகலன்னு அர்த்தம், அதாவது ரெண்டு மைக்கோட ஒலி அலையும் ஒண்ணை ஒண்ணு அழிக்குது, ஒண்ணோட தூரத்தை லேசா மாத்துங்க. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சரசரன்னு இறங்கிடும், அதனால 7 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு ஹை கட், 80லருந்து 100 ஹெர்ட்ஸுக்குள்ள ஒரு லோ கட், போதும். இன்னொண்ணு, ரெக்கார்டுல கேக்கறது மைக் பிடிச்ச சத்தம், ஆம்ப் முன்னால நின்னா கேக்கற சத்தம் இல்ல. ஹெட்ஃபோன்ல ரெண்டாவதைத் தேடினீங்கன்னா ராத்திரி பூரா தேடினாலும் கிடைக்காது, சின்ன ரூம் ரிவெர்ப் கொஞ்சம் போட்டா அந்த காத்தோட்டம் ஓரளவுக்கு வரும்.

இப்போ ஆம்ப். பெரும்பாலானவங்க சறுக்குற இடம் இதுதான், மாஸ்டர் நாப். ட்வீட், ஏசி30, ப்ளெக்ஸி எதுலயும் ஒரிஜினல்ல மாஸ்டர் வால்யூமே கிடையாது. மாடலர்ல அந்த ஆம்புக்கும் மாஸ்டர்னு ஒண்ணு காட்டுச்சுன்னா அதை 10ல வைங்க, அப்பதான் பவர் டியூப் வேலை செய்யும். சத்தம் எவ்வளவு உடையணும் (டிஸ்டார்ஷன் எவ்வளவு வரணும்)ங்கிறதை டிரைவ் நாப்ல பாத்துக்கங்க, சத்தம் கூடிப் போச்சுன்னா கடைசியில இருக்கிற லெவலை மட்டும் குறைங்க. முழுசா திறந்த ப்ளெக்ஸில பேஸ் குழகுழன்னு வழியும், அதனால பேஸை 2க்குக் கீழ இறக்க பயப்படாதீங்க, நாப் எங்க நிக்குதுன்னு பாக்காதீங்க, காதுல கேக்கறதைப் பாருங்க. ஏசி30ல கட் நாப் தலைகீழ், ஏத்தினா டிரெபிள் குறையும். ட்வீட் டீலக்ஸ்ல ரெண்டு வால்யூமும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும், கிட்டார் சொருகாத சேனலோட வால்யூமைத் திருப்பினாக்கூட டோன் மாறும், நல்ல மாடல்ல இதுவும் இருக்கு, திருப்பிப் பாருங்க.

சேக், அதாவது ஓங்கி அடிக்கறப்ப ஆம்போட வோல்டேஜ் சரியறது, அதைப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா விரல்ல தெரியற வித்தியாசம் இதுதான். பழைய ஆம்ப்ல ரெக்டிஃபையரும் (ஏசி கரண்டை டிசியா மாத்தற பாகம்) ஒரு டியூப். ஓங்கி அடிச்சா பவர் டியூப் நிறைய கரண்டை இழுக்கும், வோல்டேஜ் ஒரு கணம் சரியும், அப்புறம் மெல்ல ஏறும். ட்வீட் மாடல்ல சேக்கைக் கூட்டி வச்சு முழு ஈ கார்டை ஒரே ஒரு தடவை பலமா அடிச்சு கையை எடுத்துடுங்க. அடிச்ச உடனே சத்தம் உள்ள போய், அப்புறம் பூ விரியற மாதிரி வெளிய வரணும். அதுக்காக எல்லா ஆம்புக்கும் இதைக் கூட்டாதீங்க. 100 வாட் ப்ளெக்ஸில ரெக்டிஃபையர் டியூப் கிடையாது, டயோடுதான், அதனால அது விறைப்பா, உடனே பதில் சொல்லும், அதுல சேக்கை ஏத்தினா அந்த ஆம்போட குணமே போயிடும்.

கேப்சர் (ஒரு நிஜ ஆம்போட சத்தத்தை அளந்து எடுத்த நகல்) வச்சு வாசிக்கிறவங்களுக்கு, கெம்பர் ப்ரொஃபைலோ இலவசமா கிடைக்கிற நியூரல் ஆம்ப் மாடலரோ எதுவா இருந்தாலும் பொதுவா நாப் ஒரு இடத்துல நிக்கறப்ப எடுத்த போட்டோ மாதிரிதான் அது. அதனால லேசா உடையற கேப்சர் ஒண்ணு, முழுசா திறந்தது ஒண்ணுன்னு ரெண்டு வச்சுக்கங்க, டோன் நாப்பைத் திருப்பி ஒண்ணை இன்னொண்ணா மாத்தப் பாக்காதீங்க.

எல்லாத்தையும் வாசிக்கப் போற சத்தத்துல வச்சு செட் பண்ணுங்க, இதை நான் கெஞ்சிக் கேப்பேன். கம்மி சத்தத்துல காதுக்கு பேஸும் டிரெபிளும் சரியா எட்டாது, ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லயே அளந்து காட்டினது. ராத்திரி மெதுவா வச்சு ரெண்டையும் ஏத்தி சேவ் பண்ணிட்டு ஒரு தடவை மேடையில போய் வாசிச்சேன், பேஸ் கிட்டாரிஸ்ட் வாசிச்சது யாருக்கும் கேக்கல, என் டிரெபிள் முன் வரிசைக்காரங்க காதைக் கிழிச்சிருக்கும். அன்னையிலருந்து ஹெட்ஃபோன்ல செஞ்ச ப்ரீசெட்டை ஸ்பீக்கர்ல சத்தமா ஒரு தடவை கேக்காம எடுத்துட்டுப் போறதில்ல.

கடைசியா கிட்டார் பக்கம். ஆடியோ இன்டர்ஃபேஸ்னா ஹை-இசட் (கிட்டாருக்கான) இன்புட்லதான் சொருகணும், லைன் இன்புட்ல சொருகினா டிரெபிள் செத்துடும். ஃபஸ் ஃபேஸ் மாதிரி ஃபஸ் டிஸ்டார்ஷன் பெடலோட மாடல் இருந்தா சங்கிலியில முதல் ஆளா வைங்க, மாடலர்ல இன்புட் இம்பீடன்ஸ் செட்டிங் இருந்தா குறைச்சுப் பாருங்க. கெயினை நீங்க நினைக்கிறதை விட ஒரு படி குறைவா வைங்க, பழைய ரெக்கார்டுகள்ல இருக்கிற டிஸ்டார்ஷன் நம்ம ஞாபகத்துல இருக்கிறதை விடக் கம்மி. அப்புறம் கிட்டார் வால்யூமை 10லருந்து 4க்கு இறக்கி மெதுவா வாசிங்க. சத்தம் தெளிஞ்சு, ஓரம் மட்டும் லேசா கரகரன்னா ப்ரீசெட் சரியா வந்திருக்கு, சேவ் பண்ணிக்கலாம். சத்தம் குறைஞ்சும் கரகரப்பு அப்படியே நிக்குதுன்னா டிரைவை இன்னும் இறக்கிட்டு மறுபடி அந்த ஈ கார்டை அடிச்சுப் பாருங்க.