கிறிஸ்துமஸ் விளக்குகளும் மேசையில் ஒரு பசுந்தளிரும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோரக் கிறிஸ்தவ ஊர்களில் டிசம்பர் மாதத்து விளக்குகளைக் காண விரும்புவோர், வாகனத்தைத் தேவாலயத்தருகே நிறுத்திவிட்டு, இருட்டத் தொடங்கும் ஆறரை மணியளவில் தெருக்களுக்குள் நடந்தே செல்ல வேண்டும். வீட்டு முகப்பில் தொங்கும் காகித நட்சத்திரத்தின் துளைகள் வழியே சுவரில் விழும் ஒளிப்புள்ளிகள், வண்டியில் விரைவோரின் கண்ணில் படுவதில்லை. இயேசு பிறப்பைச் சித்திரிக்கும் கிறிஸ்துமஸ் குடில்களையும் நின்று பாருங்கள். அவற்றில் முளைத்திருக்கும் பசும்புல்தான் என் உணவு மேசை அலங்காரத்திற்கு வழிகாட்டியது.

டிசம்பர் 15 அன்று இரவு ஒரு கைப்பிடி கேழ்வரகை ஊறவைத்து, மறுநாள் அகலமான மண்தட்டில் ஈரமணலின்மேல் நெருக்கமாகத் தூவி, மெல்லிய ஈரத்துணியால் மூடி, முளை தலைகாட்டியதும் துணியை நீக்கி, வெளிச்சமுள்ள சன்னலோரத்தில் வையுங்கள். தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். தேங்கினால் வேர் அழுகிவிடும். 24ஆம் தேதிக்குள் வளர்ந்துவிடும் தளிர்களின் நடுவே, கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றலாம்.

அருகில் கிராம்பு குத்திய ஆரஞ்சுப் பழம் ஒன்றையும் வைத்தால் அறை முழுவதும் மணக்கும். பல்குச்சியால் முதலில் துளையிட்டுக்கொண்டால் கிராம்பின் மொட்டு உதிராது.