கபடியில் பிடிக்கிற ஆள் லைன்பேக்கர் ஆக எதை மாற்ற வேண்டும்

வட சென்னையில் ஃபுட்பால் என்றால் வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் காலால் ஆடுவது. இங்கே பேசப்போவது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். அதில் லைன்பேக்கர் செய்யும் வேலைக்கு நம்மூரில் நெருக்கமானவர் கபடியில் கவரில் நிற்பவர்தான். பாதி வேலை அவருக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியில் கபடிப் பழக்கமே காலை வாரிவிடும்.

முதலில் இடம். தடுக்கும் அணியின் 11 பேரில், முன்வரிசையில் கை ஊன்றி நிற்பவர்களுக்குப் பின்னால், பந்து வைத்த கோட்டிலிருந்து நாலைந்து கெஜம் தள்ளி நிற்பவர் லைன்பேக்கர். முன்னால் 4 பேர், பின்னால் 3 லைன்பேக்கர் என்றால் அது 4-3. முன்னால் 3, பின்னால் 4 என்றால் 3-4. 4-3 அமைப்பில் நடுவில் நிற்பவர் மைக், எதிரணியின் டைட் எண்ட் (வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) நிற்கும் பக்கம் சாம், மறுபக்கம் வில். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் பல அணிகளில் பச்சைப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட் மைக்குடையதுதான். உள்ளே ரேடியோ இருக்கும். பந்தை அடுத்து எடுத்து ஆடக் கொடுக்கும் நேரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது கோச்சின் குரல் நின்றுவிடும். அதன் பிறகு மற்றவர்களை இடம் மாற்றி நிறுத்துவது மைக்கின் தொண்டை.

ரெய்டர் நடுக்கோட்டுக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் கவரில் நிற்பவர் காத்திருக்கலாம், உள்ளே விட்டுப் பிடிக்கலாம். பந்தோடு ஓடுபவர் திரும்பப் போவதில்லை. 4 வாய்ப்பில் 10 கெஜம் எடுத்தால் அவருக்குப் போதும். நீங்கள் பின்வாங்கி 3 கெஜத்தில் பிடித்தாலும் கணக்கு அவர் பக்கம்தான். ஆகவே முதலில் அழிக்க வேண்டியது பின்னால் எடுத்து வைக்கும் அந்த முதல் அடி.

காலைத் தோள் அகலத்துக்கு விரித்து, குதிகாலுக்கு அடியில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவாருங்கள். கை முழங்காலில் ஊன்றியிருக்கக் கூடாது. ஊன்றினால் அதை எடுக்கவே ஒரு நொடி போய்விடும். குதிகாலுக்குப் பின்னால் பழைய வலைக்கயிறு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கால் கயிற்றில் பட்டால் அந்த முறை கணக்கில் இல்லை. முதல் அடி முன்பக்கம், ஒரு சாண் நீளம், அவ்வளவுதான். நீளமாக வைத்தால் திசை மாற்ற முடியாது.

அந்த ஒரு சாண் அடிக்குள் பார்க்க வேண்டியது பந்தை அல்ல, எதிரே நிற்கும் கார்டை, அதாவது பந்தோடு ஓடுபவருக்கு வழிவிடத் தடுக்கும் எதிரணி முன்வரிசை ஆளை. அவர் நிமிர்ந்து பின்வாங்கினால் பெரும்பாலும் பாஸ், பந்தை எறியப்போகிறார்கள். தாழ்ந்து முன்னால் பாய்ந்தால் ஓட்டம். வரிசையை விட்டுப் பக்கவாட்டில் கிளம்பினால் அவர் போகும் திசையிலேயே நீங்களும் போக வேண்டும். ஒரு நண்பரைக் கார்டாக நிறுத்தி, மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்யச் சொல்லி, 10 முறை வீதம் 3 சுற்று. ரெய்டரின் இடுப்பைப் படித்த கண்ணுக்கு இது இரண்டு வாரத்தில் பிடிபடும்.

அடுத்தது பிடி. இதில்தான் கழுத்து போகும். ஹெல்மெட்டும் தோள் பேடும் இல்லாமல் ஆள்மேல் வேகமாக மோதவே கூடாது. ஆளுக்குப் பதில் மோத, எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளால் பிழைக்கும் பங்க்சர் கடைகளில் லாரிக்கு இனி உதவாத பழைய டியூப் கிடைக்கிறதா கேளுங்கள். காற்று நிற்கிற மாதிரி ஒட்டி, கோணி சுற்றி நைலான் கயிற்றால் இறுக்குங்கள். வால்வை மடக்கி உள்ளே கட்டுங்கள், இல்லையென்றால் முகத்தைக் கிழிக்கும்.

இடம் காசிமேடு என்-4 பீச் மணல், விடியற்காலை ஐந்தரை மணி. ஞாயிறு வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் வண்டி நிறுத்தக்கூட முடியாது. தூண்டில் முள், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று மணலை முதலில் ஒரு முறை நடந்து பாருங்கள்.

நண்பர் டியூபைக் குறுக்கே உருட்டுவார். அது உங்கள் வலப்பக்கமாகப் போனால் வலது கால் கிட்டே ஊன்ற, வலது தோள் மோத வேண்டும். தலை அதன் பின்பக்கம், முகவாய் தூக்கியபடி, கண் திறந்தபடி. இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்து, 5 எட்டு கால் ஓட்டுங்கள். பக்கத்துக்கு 5 வீதம் 3 சுற்று. தலையைக் குனிந்தால் கழுத்தெலும்பின் இயல்பான வளைவு நேராகி, மோதலின் முழுப் பாரமும் அதன் மேல் இறங்கும். குனிந்த ஹெல்மெட்டால் மோதுவது 2018 முதல் என்எஃப்எல்லில் தவறு, 15 கெஜம் தண்டனை.

கபடிக்காரர் கட்டாயம் மறக்க வேண்டிய பிடி ஒன்று உண்டு: பின்னாலிருந்து இடுப்பைக் கட்டி, தன் உடலைத் திருப்பி, ரெய்டரின் காலின் மேல் உட்காருவது. ஹிப் டிராப் என்ற பெயரில் அதை 2024-இல் தடை செய்தார்கள். ஓடுபவரின் கணுக்காலும் முழங்காலும் அடியில் மாட்டிக்கொள்ளும். ஆங்கிள் ஹோல்டும் உதவாது. வேகமாக வரும் முழங்கால் முகத்தில் இறங்கும்.

தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் ஆட்டத்தை நிறுத்தி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லைன்பேக்கராகவே புகழ்பெற்ற ஜூனியர் செயாவ் 2012-இல் இறந்த பிறகு அவர் மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள சிடிஇ என்ற நோய் இருந்தது தெரியவந்தது. இன்னொரு லைன்பேக்கர் லூக் கீக்லி 2020-இல் 28 வயதிலேயே ஆட்டத்திலிருந்து விலகினார்.

மணல் தொடைக்கு நல்லது, முதல் அடியின் வேகத்துக்குக் கெடுதல். வாரத்தில் 2 நாள் மணல், 2 நாள் கெட்டித் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைதான் பெரிய சுவர். ஆண்கள் சீனியர் கபடியில் 85 கிலோ உச்சவரம்பு. என்எஃப்எல் லைன்பேக்கர்கள் பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல். அதை ஆறு மாதத்தில் ஏற்றினால் தொப்பைதான் வரும். 80 கிலோ ஆளுக்கு நாளைக்குச் சுமார் 130 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு முட்டையில் 6.

தொழில் பாதையைப் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும். அங்கே பள்ளி, பிறகு கல்லூரி ஆட்டம், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 7 சுற்று டிராஃப்ட், தேர்வானால் 4 வருட ஒப்பந்தம், 53 பேர் அணியில் இடம், வருடத்துக்கு 17 லீக் ஆட்டம். வெளிநாட்டவருக்கு 2017 முதல் தனித் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வழியாக வந்த ரக்பி வீரர் ஜோர்டன் மைலாட்டாவை 2018-இல் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணி 7-ஆம் சுற்றில் எடுத்தது. அப்படி வருபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

கிட்டே இருக்கும் கதவு ஃப்ளாக் ஃபுட்பால். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதைச் சேர்க்க 2023 அக்டோபரில் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் மும்பைக் கூட்டத்தில்தான் முடிவெடுத்தார்கள். பக்கத்துக்கு 5 பேர், மோதல் கிடையாது, பந்து வைத்திருப்பவரின் இடுப்பில் தொங்கும் பட்டையைப் பிடுங்கினால் ஆட்டம் நிற்கும். 7 கெஜம் தள்ளி நின்று, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் ரஷர் வேலை லைன்பேக்கருக்கு அண்ணன் தம்பி. பழகுவதற்குக் கிழிந்த லுங்கியில் இரண்டு பட்டை கிழித்து இடுப்பில் லேசாகச் செருகினால் போதும். 5 மீட்டர் சதுரம் போட்டு ஒருவர் தப்பிக்க, ஒருவர் பிடுங்க. பட்டையைப் பார்த்துக் கை நீட்டுபவர் தவறவிடுவார், ஏனென்றால் பட்டை ஆடும். தொப்புளைப் பார்த்துக் காலைக் கிட்டே கொண்டுபோய், பட்டையின் மேல்முனையில் கை வையுங்கள்.