மேக்லெவ் ரத்த பம்ப் பண்ணணுமா, முதல்ல கேப்ப முடிவு பண்ணுங்க

குன்னூர்ல நம்ம பட்டறைக்கு வருஷா வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு பசங்க வருவாங்க, இந்த வாட்டி கோத்தகிரியில இருந்து ரெண்டு பொண்ணுங்க வந்து "அண்ணா, காந்தத்துல மிதக்குற இதய பம்ப் பண்ணணும், இந்த மோட்டார் போதுமா"ன்னு கேட்டாங்க. மேக்லெவ்னா அது தான், உள்ள சுத்துற பாகத்தை காந்தம் அந்தரத்துல தூக்கி வெச்சிருக்கும். கையில ஏற்கனவே வாங்கின ஒரு ட்ரோன் மோட்டார். நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "உள்ள சுத்துற ரோட்டாருக்கும் வெளிச் சுவருக்கும் நடுவுல எவ்ளோ கேப் விடப்போறீங்கம்மா?" அதை யோசிக்கவே இல்லன்னாங்க. அன்னைக்கு அவங்களுக்கு சொன்னதையும் அதுக்கப்புறம் ஆறு மாசம் சேர்ந்து செஞ்சதுல புரிஞ்சதையும் தான் இங்க எழுதுறேன். எங்க சித்தப்பா எஸ்டேட்ல வேலை பார்த்தவரு, இதயம் வீங்கி, படியேற முடியாம, கோயம்புத்தூருக்கு ஏறி இறங்கியே கடைசி ரெண்டு வருஷம் போச்சு, அதனால இந்த விஷயத்துல எனக்கு அக்கறை ஜாஸ்தி.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், இது மேசை மேல வெச்சு ஓட்டிப் பாக்குற மாடல் தான். மனுஷன் ஒடம்புல வெக்கிறதுக்கு வருஷக்கணக்கா டெஸ்டிங், விலங்கு சோதனை, அரசு அனுமதின்னு பெரிய பாதை இருக்கு.

முதல்ல பம்ப் என்ன வேலை செய்யணும்னு கணக்கு போடுங்க. நிமிஷத்துக்கு 5 லிட்டர், 100 மி.மீ. பாதரச அழுத்தம். 5 லிட்டர்னா நம்ம ப்ளாஸ்டிக் குடம் மூணு நிமிஷத்துல நெறையுற வேகம். 100 மி.மீ. பாதரசம்னா 13,300 பாஸ்கல் சுமாரா, ரத்தத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு 1060 கிலோன்னு வெச்சா 1.28 மீட்டர் உசரம், அதாவது ஒரு ஆளோட நெஞ்சு மட்டத்துக்கு ஏத்துனா போதும். ஃப்ளோவையும் அழுத்தத்தையும் பெருக்கினா 1.1 வாட் தான் வருது! ஒரு சின்ன எல்இடி பல்பு அளவு. அதனால பவர் பிரச்சனையே இல்ல, பெரிய மோட்டார் தேடி அலையாதீங்க. ஏத்துற ரத்தத்தை காயப்படுத்தாம, உறைய விடாம ஏத்துறது தான் பிரச்சனை.

அடுத்து இம்பெல்லர், அதாவது சுத்தி ரத்தத்தை தள்ளுற சக்கரம், அதோட சைஸ். ரத்தத்தை நடுவுல இருந்து விளிம்புக்கு வீசுற சென்ட்ரிஃபியூகல் தான் எடுத்துக்கோங்க, ஃபேன் மாதிரி நேரா தள்ளுற ஆக்ஸியல் டைப் சின்னதா வரும் ஆனா ரொம்ப வேகமா சுத்தணும், முதல் தடவை பண்றவங்களுக்கு வேணாம். இந்த சைஸ்ல ஹெட் கோஎஃபிஷியன்ட் (விளிம்பு வேகத்தையும் ஏத்துற உசரத்தையும் இணைக்குற எண்) 0.45 பக்கம் வெச்சுக்கலாம், அப்டின்னா ஜி (9.81) இன்ட்டு ஹெட் (அந்த 1.28 மீட்டர்) 12.6, அதை 0.45-ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா இம்பெல்லர் விளிம்பு செகண்டுக்கு 5.3 மீட்டர் வேகத்துல ஓடணும். விட்டம் 40 மி.மீ. வெச்சா 2,500 ஆர்பிஎம், 22 மி.மீ. வெச்சா 4,600 ஆர்பிஎம். இப்ப உலகத்துல நெறைய பேருக்கு வெச்சிருக்குற ஹார்ட்மேட் 3 பம்ப் சாதாரணமா 5,000-லருந்து 6,000 ஆர்பிஎம்ல ஓடுது, சைஸ் சின்னது, கணக்கு ஒத்துப்போகுதா? நீங்க 40 மி.மீ. எடுங்க, லேத்துல கடையறதுக்கும் வசதி, வேகமும் கம்மி.

இப்ப தான் கேப். இங்க நிதானமா படிங்க.

டீ ஃபேக்டரியில சிடிசி மெஷின் பாத்திருப்பீங்க, பக்கத்துல பக்கத்துல ரெண்டு ரோலர், ஒண்ணு மெதுவா சுத்தும், இன்னொண்ணு அதை விட பத்து மடங்கு வேகமா சுத்தும், நடுவுல கேப் முடி அளவு. இலை உள்ள போனா ஒரு பக்கம் பிடிச்சு வெக்கும், இன்னொரு பக்கம் இழுக்கும், இலை கிழிஞ்சு சாறு வெளிய வரும். டீக்கு அது தான் வேணும். ரத்த பம்புல ரோட்டார் ஓடுது, சுவர் நிக்குது, நடுவுல சிவப்பணு, அதே கதை தான். ரத்தத்தோட பாகுத்தன்மை 0.0035 பாஸ்கல்-செகண்ட், அதை விளிம்பு வேகத்தால பெருக்கி கேப்பால வகுங்க. கேப் 0.05 மி.மீ.ன்னா 370 பாஸ்கல் ஷியர், அதாவது அணுவை உரசி இழுக்குற அழுத்தம். 0.2 மி.மீ.ன்னா 93. 0.5 மி.மீ.ன்னா 37. சிவப்பணு கிழியுற எல்லையா பொதுவா 150 பாஸ்கல்னு சொல்லுவாங்க, எவ்ளோ நேரம் அதுல மாட்டுதுங்குறதும் கணக்கு. சிவப்பணு மட்டும் இல்ல, ரத்தம் நிக்க உதவுற வான் வில்லிபிராண்ட்னு ஒரு புரதம் இருக்கு, நீளமான நூல் மாதிரி, அது இதை விட ரொம்ப கம்மியான ஷியர்லயே விரிஞ்சு அறுபட்டுடும், பம்ப் வெச்சவங்களுக்கு குடல்ல ரத்தக்கசிவு வர்றதுக்கு இது ஒரு காரணம்.

மேக்லெவ் எதுக்குன்னு கேட்டா நெறைய பேர் "உராய்வு இல்ல, கரண்ட் மிச்சம்"னு சொல்லுவாங்க. இல்லங்க. பேரிங் போட்டா அந்த இடத்துல கேப் கிட்டத்தட்ட பூஜ்யம், சூடும் வரும், ரத்தம் சரியா கழுவிட்டு போகாது, உறைஞ்சு ஒட்டும். காந்தத்துல தூக்கி வெச்சா கேப்ப உங்க இஷ்டத்துக்கு அகலமா வெக்கலாம், அது தான் லாபம், மத்ததெல்லாம் கொசுறு. அதுக்கு முந்தின மாடல் ஹார்ட்மேட் 2-ல ரூபி பேரிங் இருந்துச்சு, ஹார்ட்மேட் 3-ல பேரிங்கே இல்ல, கேப் அரை மி.மீ.யிலருந்து ஒரு மி.மீ. வரைக்கும். ரெண்டையும் ஒப்பிட்டு 1,028 பேர்கிட்ட நடத்துன சோதனையோட முடிவு 2019-ல வந்துச்சு, ரெண்டு வருஷத்துல பம்பையே மாத்த வேண்டி வந்தது பழசுல 11.3 சதவீதம், புதுசுல 2.3 சதவீதம்.

அப்ப கேப்ப 2 மி.மீ. வெச்சுடலாமேன்னு தோணும். வெக்க முடியாது. கேப் கூடக்கூட காந்த விசை வேகமா கொறையும், கரண்ட் கூட ஏத்தணும், காயில் சூடாகும், அந்த சூடும் ரத்தத்துக்கு தான் போகும். அதோட ஏத்துன தண்ணி கேப் வழியா திரும்பி உள்ளயே கசியும். நாங்க 0.5 மி.மீ.ல நின்னோம். ரோட்டாருக்கு பின்னாடி பக்கம் தேங்கி நிக்காம இருக்க நடுவுல ஒரு ஓட்டை விடுங்க, இல்லன்னா அந்த மூலையில ரத்தம் சுத்திக்கிட்டே கெடக்கும். வேகமா போனா கிழியுது, நின்னா உறையுது, ரெண்டுக்கும் நடுவுல தான் டிசைன்.

காந்தத்துக்கு வருவோம். வெறும் நிரந்தர காந்தத்தை மட்டும் வெச்சு ஒரு பொருளை அந்தரத்துல அசையாம நிறுத்த முடியாதுன்னு எர்ன்ஷான்னு ஒரு கணித அறிஞர் 1842-லயே நிரூபிச்சுட்டாரு, அதனால யூட்யூப்ல பாத்துட்டு ரிங் மேக்னெட்டா வாங்கிக் குவிக்காதீங்க, ஒரு திசையிலயாவது எலக்ட்ரோமேக்னெட் வெச்சு கன்ட்ரோல் பண்ணியே ஆகணும். எனக்கு பிடிச்ச வழி தட்டையான ரோட்டார். சூரிச்ல ஈடிஹெச்-ங்குற பல்கலைக்கழகத்துல 1990-கள்ல வந்த ஐடியா, மோட்டார் காயிலே தூக்குற காயிலாவும் வேலை செய்யும். ரோட்டார் தோசைக்கல்லு மாதிரி தட்டையா இருந்தா மேல கீழ நகந்தாலும் சாஞ்சாலும் காந்தமே இழுத்து பழைய இடத்துக்கு கொண்டுவந்துடும், பக்கவாட்டுல ரெண்டு திசை மட்டும் நீங்க பாத்துக்கணும். அஞ்சு திசைய கன்ட்ரோல் பண்றதுக்கும் ரெண்டு திசைய கன்ட்ரோல் பண்றதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு செஞ்சு பாத்தா தெரியும்.

கன்ட்ரோலருக்கு ப்ரோக்ராம் எழுத உக்காரதுக்கு முன்னாடி ரெண்டு நம்பர் அளந்துடுங்க. ரோட்டாரை நடுவுல இருந்து 0.1 மி.மீ. தள்ளி வெச்சா சுவர் பக்கம் எவ்ளோ விசையில இழுக்குது, அது ஒண்ணு. காயில்ல ஒரு ஆம்பியர் விட்டா எவ்ளோ விசை வருது, அது ரெண்டு. பெரிய கருவி ஒண்ணும் வேணாம், டயல் கேஜ், ஸ்ப்ரிங் தராசு, ஃபீலர் கேஜ் போதும், நாங்க அப்படித்தான் அளந்தோம். எங்க ரோட்டார் 60 கிராம், மி.மீ.க்கு 20 நியூட்டன் இழுவை, அதை வெச்சு கணக்கு போட்டா ரோட்டார் கவுந்து போற நேரம் 1.7 மில்லி செகண்ட் பக்கம். நீங்க கண்ணு சிமிட்டுறதுக்குள்ள பல தடவை சுவர்ல மோதிடும். அதனால கன்ட்ரோலர் செகண்டுக்கு 10,000 தடவையாவது சென்சாரை படிச்சு கரண்ட்டை மாத்தணும், சாதாரண ஆர்டுயினோ யூனோ போர்டு இதுக்கு திணறும், எஸ்டிஎம்32 மாதிரி வேகமான சிப் எதாவது எடுங்க. கன்ட்ரோலுக்கு பி.ஐ.டி.ன்னு ஒரு முறை, அதுல பி எவ்ளோ விலகியிருக்குன்னு பாக்கும், டி எவ்ளோ வேகமா விலகுதுன்னு பாக்கும். டி தான் உயிர், பி-ய மட்டும் ஏத்துனா ஆடிக்கிட்டே இருக்கும். டி-ய ஏத்துனா சென்சார் நாய்ஸ் எல்லாம் காயிலுக்கு போய் கீச்சுனு கத்தும், அப்ப ஃபில்டர் போடணும், ஃபில்டர் ஜாஸ்தியானா தாமதமாகி மறுபடியும் ஆடும். ரெண்டு வாரம் இதுலயே போகும், அவசரப்படாதீங்க. சென்சாருக்கு எடி கரன்ட் டைப் (உலோகம் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு தொடாம பாக்குறது) நல்லது, ஹால் சென்சார் (காந்தப்புலத்தை அளக்குறது) மலிவு தான், ஆனா மோட்டார் காந்தப்புலமும் சேர்ந்து உள்ள வந்துடும். ஹவுசிங்கை பாலிகார்பனேட்ல பண்ணுங்க, சென்சாருக்கு குறுக்க உலோகம் வராது, உள்ள நடக்குறதும் கண்ணுக்கு தெரியும்.

இம்பெல்லரை சுத்தி நத்தை ஓடு மாதிரி இருக்குற வழி தான் வால்யூட். வெளியேறுற பக்கம் சிங்கிள் வால்யூட் வெச்சா டிசைன் ஃப்ளோவ விட்டு விலகும்போது அழுத்தம் ஒரு பக்கமா தள்ளும், பாவம் காயில் தான் அதை தாங்கணும். டபுள் வால்யூட் வெச்சா ரெண்டு பக்கத் தள்ளலும் பெருமளவு ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். கடையறது கஷ்டம், 3டி பிரின்ட் பண்ணிடுங்க.

எங்களுக்கு நடந்த ஒரு விஷயம். நியோடைமியம் காந்தத்துக்கு மேல எபாக்ஸி பூசி விட்டோம், அஞ்சாவது நாள் ரோட்டார் ஒரு பக்கம் உரச ஆரம்பிச்சுது. ப்ரோக்ராம்ல தப்புன்னு ரெண்டு நாள் தேடினோம். கழட்டிப் பாத்தா எபாக்ஸியில குண்டூசி முனை அளவு ஒரு ஓட்டை, அதுல தண்ணி எறங்கி காந்தம் துருப்பிடிச்சு, செங்கல் பொடி மாதிரி ஒரு பொருக்கு கிளம்பி, அந்த இடத்துல மட்டும் 0.5 மி.மீ. கேப் 0.2-க்கு வந்துடுச்சு. நெஜ பம்புல காந்தத்தை டைட்டானியத்துக்குள்ள வெச்சு வெல்டு பண்ணி மூடுறது இதுக்குத்தான். நீங்க எபாக்ஸிய மூணு கோட்டா அடிங்க, ஒவ்வொண்ணும் காஞ்ச பிறகு லென்ஸ் வெச்சு பாருங்க.

டெஸ்ட் லூப்புக்கு ஹார்டுவேர் கடை சாமானே போதும், டியூப், ஒரு டப்பா, அடைச்சுத் திறக்க ஒரு கிளாம்ப், ஃப்ளோ மீட்டர், உள்ள வர்ற பக்கமும் வெளிய போற பக்கமும் பிரஷர் சென்சார். கேவலமா நெனைக்காதீங்க, பைவாகார்னு மிதக்குற ரோட்டார் வெச்ச முழு செயற்கை இதயம் 2024 ஜூலைல ஹூஸ்டன்ல முதல் முறையா மனுஷனுக்கு வெச்சாங்க, அதை கண்டுபிடிச்ச டேனியல் டிம்ஸ் ஆரம்பத்துல ப்ளம்பரான அவங்க அப்பா கூட சேர்ந்து கடையில வாங்கின பைப்ப வெச்சு தான் சோதனை பண்ணாரு. அவரு அப்பாவுக்கும் இதயம் தான் பிரச்சனை.

ரத்தத்துக்கு பதிலா கிளிசரின் 40 சதவீதம், தண்ணி 60, எடைப்படி. இங்க நம்ம ஊருக்குன்னே ஒரு சிக்கல். ஜனவரி மாசம் காலையில எடுத்த ரீடிங் ஒண்ணு, மத்தியானம் வெயில் வந்த பிறகு எடுத்தது வேற, அதே ஆர்பிஎம் அதே கிளாம்ப். பம்ப் மேல எந்த குத்தமும் இல்ல. இந்தக் கலவையோட பாகுத்தன்மை 10 டிகிரில 5.4 மில்லிபாஸ்கல்-செகண்ட், 20 டிகிரில 3.7, 30 டிகிரில 2.7; ரத்தத்துக்கு மேல சொன்ன 0.0035 இந்தக் கணக்குல 3.5. காலைல குன்னூர்ல நீங்க ரத்தத்தை விட கெட்டியான ஒண்ணை ஓட்டிக்கிட்டு இருக்கீங்க. டப்பாவை தெர்மோஸ்டாட் ஹீட்டர் போட்ட தண்ணித்தொட்டியில வெச்சு 22 டிகிரில நிறுத்துங்க. 37 டிகிரிலயே ஓட்டணும்னா கிளிசரினை 50 சதவீதம் பக்கம் ஏத்துங்க.

இன்னொண்ணு காத்துக்குமிழ். நம்ம மலை மேல காத்தழுத்தமே கம்மி. ஊட்டிய எடுத்துக்கிட்டா 2,240 மீட்டர் உசரம், காத்தழுத்தம் 760-க்கு பதிலா 580 மி.மீ. பாதரசம் பக்கம் தான், பருப்பு வேக நேரமாகுதுல்ல, அதே காரணம். பம்ப் உறிஞ்சுற பக்கம் அழுத்தம் இன்னும் கொறையும்போது தண்ணில கரைஞ்ச காத்து வெளிய வந்து இம்பெல்லர் நடுவுல உக்காந்துக்கும், ரோட்டார் ஆடும், ஃப்ளோ திடீர்னு விழும். தண்ணிய முதல்ல நல்லா கொதிக்க வெச்சு ஆறவிட்டு அப்புறம் கிளிசரின் கலக்குங்க, டப்பாவை பம்புக்கு மேல உசரத்துல வைங்க.

நெஜ ரத்தம் வெச்சு சோதனைன்னா தானா பண்ணாதீங்க, மெடிக்கல் காலேஜ் லேப்ல அனுமதியோட தான். பம்ப் சிவப்பணுவை எவ்ளோ உடைக்குதுன்னு பாக்க ஏஎஸ்டிஎம் எஃப்1841-னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, நிமிஷத்துக்கு 5 லிட்டர், 100 மி.மீ. பாதரசத்துல ஆறு மணி நேரம் ஓட்டி, பிளாஸ்மால எவ்ளோ ஹீமோகுளோபின் கசிஞ்சிருக்குன்னு மணிக்கு மணி பாப்பாங்க.

மழைக்காலத்துல மரம் விழுந்து கரண்ட் போறது நமக்கு பழக்கம், ரோட்டாரை தூக்கி நிறுத்துற லெவிடேஷன் கன்ட்ரோலருக்கு மட்டும் தனி 12 வோல்ட் பேட்டரி போடுங்க. மோட்டார் நின்னா பரவால்ல, தூக்குறது நிக்கக்கூடாது, சுத்திக்கிட்டு இருக்கும்போது விழுந்தா சுவரெல்லாம் கீறல்.

முதல் தடவை ஓட்டும்போது தண்ணி இல்லாம, சுத்த விடாம, தூக்க மட்டும் செய்ங்க. சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்குற ரோட்டாரை பிரிக்க மிதக்குறதுக்கு தேவையான கரண்ட்டை விட நாலஞ்சு மடங்கு வேணும், டிரைவர் அதுக்கு தாங்குதான்னு பாருங்க. அப்புறம் தண்ணி, அப்புறம் 500 ஆர்பிஎம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா.

எங்களோடது 2,000 ஆர்பிஎம் தாண்டுன அன்னைக்கு டீ ஃபேக்டரியில நாப்பது வருஷம் ஃபிட்டரா இருந்த பெரியவர் ஒருத்தர் பட்டறைக்கு வந்திருந்தாரு. பேரிங் பாக்குற பழக்கத்துல ஸ்க்ரூடிரைவர் முனைய ஹவுசிங்ல வெச்சு பிடிய காதுல வெச்சுக்கிட்டாரு. ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல. "தண்ணி சத்தம் மட்டும் தான்மா கேக்குது, பேரிங் எங்க வெச்சிருக்கீங்க?"ன்னாரு. "பேரிங் இல்ல தாத்தா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. நீங்களும் அதே மாதிரி வெச்சு கேளுங்க, டிக் டிக்னு சீரா ஒரு தட்டல் வந்தா ரோட்டார் ஒவ்வொரு சுத்துலயும் ஒரு இடத்துல தொடுதுன்னு அர்த்தம், உடனே நிறுத்தி அந்த இடத்துல ஃபீலர் கேஜ் விட்டு பாருங்க.