பிரண்டன் சாண்டர்சனின் எழுத்து வாழ்க்கையை எழுத வருபவர் எப்படிப் படிக்க வேண்டும்

மிகுபுனைவு (ஃபேண்டஸி) எழுத விரும்புபவர்கள் தமக்குப் பிடித்த எழுத்தாளரின் வாழ்க்கையைப் பெரும்பாலும் விருதுகளின் வழியாகவும் விற்பனையின் வழியாகவுமே அறிந்துகொள்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் பிரண்டன் சாண்டர்சனைப் பற்றித் தேடுபவரின் கண்ணில் முதலில் படுவதும், 2022-இல் வாசகர்களிடமிருந்து அவர் திரட்டிய நான்கு கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகைதான். அங்கிருந்து தொடங்கினால் வியப்பு மட்டுமே மிஞ்சும். நூல்கள் வெளியான வரிசையை ஒதுக்கிவிட்டு, அவை எழுதப்பட்ட வரிசையில் அவரைப் பின்தொடர்வதே எழுத வருபவருக்குப் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அவர் எழுதியவற்றையும் வலப்பக்கம் அச்சில் வந்தவற்றையும் ஆண்டுவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1975 டிசம்பரில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் பிறந்த சாண்டர்சன், யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் படிக்கச் சேர்ந்தார். இடையில் தம் திருச்சபைப் பணிக்காகத் தென்கொரியாவில் சுமார் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி, ஆங்கில இலக்கியத்துக்கு மாறினார். 2003 வரை உங்கள் தாளின் இடப்பக்கத்தில் 12 நாவல்கள் சேர்ந்திருக்கும். வலப்பக்கத்தில் ஒன்றுகூட இராது. பதின்மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் டோர் பதிப்பகத்தின் ஆசிரியர் மோஷே ஃபெடர் அவரை அழைத்தார். ஃபெடர் ஏற்றுக்கொண்டது ஒன்றரை ஆண்டுக்கு முன் அனுப்பி வைத்திருந்த 'எலான்ட்ரிஸ்' என்ற கையெழுத்துப் படியை. அது அவர் எழுதிய ஆறாவது நாவல். 2005-இல் அது வெளிவந்தபோது வாசகர்கள் கண்டது ஒரு புதிய எழுத்தாளரை. ஆனால் எழுதியவரோ அதற்குப் பின் இன்னும் ஆறு நாவல்களை முடித்துவிட்டு, வேறொரு இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்து, அந்த ஆண்டுகளில் அவர் எப்படிப் பிழைத்தார் என்பதைத் தாளில் சேருங்கள். பலரும் தாண்டிப் போகிற பகுதி இது. எனக்கு இதுவே மிக முக்கியமாகப் படுகிறது. புரோவோ நகரில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரவுப் பணி பார்த்தார். விருந்தினர் வராத நேரத்தில் உட்கார்ந்து எழுதலாம் என்பதற்காகவே அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தார். மாணவராக இருந்தபோதே பல்கலைக்கழகத்தின் அறிவியல் புனைவு, மிகுபுனைவு இதழான 'தி லீடிங் எட்ஜ்'-இல் பணியாற்றி, அதன் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். நிராகரிக்கப்படும் கதை எந்த இடத்தில் தளர்கிறது என்பதை மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு அது. உங்கள் ஊரிலும் சிற்றிதழோ இணைய இதழோ நடத்துபவர்கள் இருந்தால், வரும் கதைகளை வாசித்துத் தர முன்வாருங்கள்.

மூன்றாவது வேலையை அவசரமின்றிச் செய்ய வேண்டும். கைவிடப்பட்ட கையெழுத்துப் படிகளைத் தேடுங்கள். சாண்டர்சனின் நாவல்கள் மிக நீளமாக இருக்கின்றன, போதிய இருண்மை இல்லை என்று பதிப்பாசிரியர்கள் திருப்பி அனுப்பிய காலத்தில், அவர்கள் கேட்டபடி சுருக்கமாகவும் கடுமையாகவும் சில நாவல்களை எழுதிப் பார்த்தார். அவை நன்றாக அமையவில்லை என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அதன் பிறகு, விற்றாலும் விற்காவிட்டாலும் தமக்குப் பிடித்த நாவலையே எழுதுவது என்று முடிவெடுத்து, மிகப் பெரிய அளவில் தொடங்கியதுதான் அந்தப் பதின்மூன்றாவது நாவலான 'தி வே ஆஃப் கிங்ஸ்'. அந்த முதல் வடிவத்தை அப்போது வெளியிடாமல் ஒதுக்கி வைத்து, பின்னர் தொடக்கத்திலிருந்தே புதிதாக எழுதி 2010-இல் வெளியிட்டார். ஒதுக்கி வைத்த பழைய வடிவமும் இப்போது வாசகர்களுக்குக் கிடைக்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்து ஓர் இடத்தை மட்டும் பாருங்கள். (கதையை அறியாமல் படிக்க விரும்புபவர் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) எளிய குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞனுக்குப் போர்க்களத்தில் அரிய வாளும் கவசமும் கிடைக்கும் வாய்ப்பு வருகிறது. அவற்றைப் பெறுபவன் அன்றே பிரபுக்களின் வரிசையில் சேர்ந்துவிடுவான். முதல் வடிவத்தில் மெரின் என்ற பெயர் கொண்ட அந்த இளைஞன் அவற்றை ஏற்றுக்கொள்கிறான்; அதன் பிறகு அவனுக்கு எல்லாம் எளிதாக நடக்க, கதை தளர்ந்து போகிறது. 2010 வடிவத்தில் அவன் பெயர் கலாடின். அவன் அவற்றை மறுக்கிறான். அந்த மறுப்பே அவன் தோழர்களின் உயிரைப் பறித்து, அவனை அடிமையாக்கி, பள்ளத்தாக்குகளின் மீது போடுவதற்கான பாலத்தைச் சுமக்கும் அணியில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. உலகமும் போரும் பெருமளவில் அப்படியே இருக்க, பாத்திரத்தின் ஒரே ஒரு முடிவு தலைகீழானதும் நாவலின் முழு எடையும் இடம் மாறிவிட்டது. உங்கள் கைவசம் உள்ள, சரியாக அமையாமல் போன நாவலிலும், நாயகன் எளிதான வழியைத் தேர்ந்தெடுத்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்த அத்தியாயத்தை மட்டும் எதிர்முடிவுடன் எழுதிப் பாருங்கள்.

நான்காவதாக, அவருடைய மாயவித்தை விதிகளைப் படிக்க வேண்டும். ஒரு மாயத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறாரோ அவ்வளவுக்கே அதைக் கொண்டு எழுத்தாளர் சிக்கலைத் தீர்க்கலாம் என்பது முதல் விதியின் சாரம். இதைக் கட்டுரையாக மட்டும் படித்தால் மனதில் தங்காது. 2006-இல் தொடங்கிய 'மிஸ்ட்பார்ன்' வரிசையின் முதல் நூலோடு சேர்த்துப் படியுங்கள். அதில் உலோகத் துகளை விழுங்கி, அதை உடலுக்குள் எரித்துச் சக்தி பெறுகிறார்கள். எஃகை எரிப்பவர் அருகில் உள்ள உலோகத்தைத் தள்ளலாம். ஆனால் தம் உடலிலிருந்து நேர்கோட்டில் மட்டுமே தள்ள முடியும். தள்ளப்படும் பொருள் தம்மைவிடக் கனமானதாகவோ அசையாமல் பதிந்திருப்பதாகவோ இருந்தால், தள்ளுபவரே தூக்கி எறியப்படுவார். ஒரு நாணயத்தைத் தரையில் போட்டு, அதைத் தள்ளிக் கூரை மீது ஏறும் காட்சி இந்த வரம்பிலிருந்தே பிறக்கிறது. சக்தி என்ன செய்யும் என்பதைவிட எதைச் செய்ய முடியாது என்பதைப் பட்டியலிட்டுக்கொண்டு படித்தால், கதைத் திருப்பங்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெளிவாகும். தோல்வியடைந்த இரண்டு பழைய நாவல்களின் நல்ல பகுதிகளிலிருந்தே இந்த நூல் உருவானது என்பதையும் தாளின் இடப்பக்கத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

2007 செப்டம்பரில் மிகுபுனைவு எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டான் தம் 'தி வீல் ஆஃப் டைம்' நாவல் வரிசையை முடிக்காமலேயே இறந்தார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மக்டூகல், சாண்டர்சன் எழுதிய அஞ்சலிக் குறிப்பைப் படித்து, பின்னர் வரிசையை முடிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். ஒரே நூலாக நினைத்தது 2009, 2010, 2013 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்களாக வெளிவந்தது. இதை அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுக் கடந்து செல்லாதீர்கள். எண்ணற்ற பாத்திரங்களின் பார்வைகளை ஒரே நேரத்தில் கையாளும் பயிற்சி அவருக்கு இங்கே கிடைத்தது.

இனி அந்தப் பெரிய தொகைக்கு வரலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பயணங்கள் நின்றிருந்தபோது கூடுதலாக எழுதிய நான்கு நாவல்களை 2022 மார்ச்சில், பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அறிவித்தார். கேட்டது 10 லட்சம் டாலர்; சுமார் 1,85,000 பேர் சேர்ந்து கொடுத்தது 4.17 கோடி டாலர். இந்த முறையை அப்படியே பின்பற்ற முயல வேண்டாம். அதற்கு முன் பல ஆண்டுகளாக, எந்த நாவல் எத்தனை சதவீதம் முடிந்தது என்று தம் இணையதளத்தில் காட்டியும், டிசம்பர்தோறும் வேலைத் திட்டத்தை விரிவாக அறிவித்தும், 'வார்பிரேக்கர்' நாவலின் வரைவுகளை இலவசமாகவே வெளியிட்டும் தம் வேலைக்கு வாசகரிடம் அவர் கணக்குக் காட்டி வந்தார். பின்பற்ற வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். சொன்ன தேதியைக் காப்பாற்ற முடியுமானால் அதை இன்றே தொடங்கலாம்.

எங்கிருந்து படிப்பது என்று கேட்பவர் 'மிஸ்ட்பார்ன்' முதல் நூலை எடுக்கலாம். நேரம் குறைவானவருக்கு, 2013-இல் அறிவியல் புனைவு, மிகுபுனைவுக்கான ஹியூகோ விருது பெற்ற 'தி எம்பரர்ஸ் சோல்' என்ற குறுநாவல் போதும். அதன் பிறகு, பல்கலைக்கழகத்தில் அவர் நடத்திய எழுத்து வகுப்புகளின் பதிவுகளை யூடியூபில் இலவசமாகப் பார்க்கலாம். தொடக்ககால நாவல்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக அவரே எழுதிய குறிப்புகளும் அவருடைய தளத்தில் உள்ளன. நாவலை ஒரு முறை முழுதாகப் படித்து முடித்துவிட்டு, இரண்டாம் வாசிப்பின்போது ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பின் அதற்குரிய குறிப்பைத் திறந்து படியுங்கள்.